முயல் தண்ணீர் குடிக்காது

முயல் தண்ணீர் குடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாகக் குடிக்கும். நாக்கைப் படபடவென்று நீட்டி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மூக்கு நனைய நனையக் குடிக்கும். கடலூரில் குடியிருந்த காலத்தில் இந்த ஒரு விஷயத்தை என்னால் ஒருவரையும் நம்பவைக்க முடியவில்லை. பால்காரர், பக்கத்து வீட்டு அறிவியல் டீச்சர், கால்நடை ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் என்று எல்லாருக்கும் ஒரே பாடம்தான். முயல் தண்ணீர் குடிக்காது, குடித்தால் செத்துவிடும். எந்த முயல் செத்தது, யார் பார்த்தது என்று கேட்டால் பதில் வராது. "எல்லாரும் சொல்றாங்கல்ல" என்பார்கள். அந்த எல்லாரையும் ஒரு நாள் வரிசையாக நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் ஆசை இருக்கிறது.

கல்யாணமாகி சிதம்பரத்திலிருந்து செம்மண்டலத்துக்கு வந்த மறு வருஷம் எங்கள் வீட்டுக்கு முயல்கள் வந்தன. ஆளாளுக்கு முயல் பண்ணை வைக்கக் கிளம்பியிருந்த காலம் அது. என் கணவரின் சிநேகிதர் பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்புக்குள் கொட்டகை போட்டு வளர்த்தார். வளர்த்ததையெல்லாம் திருப்பி வாங்கிக்கொள்கிறோம் என்று சத்தியம் பண்ணிக் குட்டிகளை விற்றவர்கள் பிறகு போனையே எடுக்கவில்லை. கொட்டகையைப் பிரித்த அன்று ஒரு ஜோடியைக் கூடையில் போட்டு என் கணவரிடம் கொடுத்தனுப்பினார். வெள்ளை பெண், சாம்பல் ஆண். கூடவே இரண்டு புத்திமதியும் சொல்லியனுப்பினார். இரண்டையும் ஒன்றாக விடக்கூடாது, கூண்டில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். முயலை வளர்த்து நொடித்துப்போன மனிதரின் பேச்சை எங்கள் தெருவில் யாரும் மதிக்கவில்லை. முயலைத் தொட்டே பார்க்காதவர்கள் சொன்னதுதான் வேதமாக இருந்தது.

முயலுக்கென்று ஒரு சாமானும் அப்போது கடலூரில் கிடைக்காது. மீன் தொட்டி விற்கும் கடையில் கூண்டு கேட்டேன். கடைக்காரர் ஒரு கிளிக்கூண்டை இறக்கி, "இதுல வையுங்க மேடம், காத மடிச்சிக்கும்" என்றார். காதை மடித்துக்கொள்ளுமாம். அவரையே அதில் மடித்து வைத்துப் பார்க்கலாமா என்று வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அன்றிலிருந்து எல்லாமே என் கைவேலைதான்.

பழைய இரும்புக் கடையில் யாரோ வீட்டை இடித்துப் போட்ட ஜன்னல் கிரில்கள் கிடந்தன. அவற்றை வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிப்போய்ப் பற்றவைத்துக் கூண்டாக்கினேன். இரண்டு முயலுக்கும் நடுவே தடுப்பாக, ரிப்பேராகிப்போன ஃப்ரிட்ஜின் கம்பித் தட்டு. கூண்டுக்கு அடியில் விரிக்க ஃப்ளெக்ஸ். நான் அப்போது ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைன் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அளவு தப்பியது, நிறம் பிசகியது எல்லாம் கடை மூலையில் சுருண்டு கிடக்கும். மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று மாற்றி மாற்றி வீட்டுக்குக் கொண்டுவருவேன். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் கழுவிவிடலாம். முயல் மூத்திரம் எந்தக் கட்சிக்காரர் நெற்றியில் ஜாஸ்தியாக விழுந்தது என்று சொல்லமாட்டேன். அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

முடி கொட்டுகிற மாதங்களில் பேன் சீப்பால் வாரிவிடுவேன். அது போல ஒரு சீப்பை எந்த வெளிநாட்டுக் கம்பெனியும் செய்துவிட முடியாது, அடி முடி வரை வந்துவிடும். கோடையில் கூரை ஓடு ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கூண்டுக்குள் வைத்தால் அதன்மேல் வயிற்றைப் பரப்பிக்கொண்டு படுத்துவிடும். வெயில் விழுகிற பக்கம் ஈரச் சாக்கு தொங்கும். பல் வளர்ந்துகொண்டே இருக்கிற பிராணி என்பதால் கடிப்பதற்குக் கொய்யாக் குச்சி. நகம் வெட்டும்போது பழைய தலையணை உறைக்குள் முயலை நுழைத்து ஒரு காலை மட்டும் வெளியே எடுத்தால் அடங்கிக் கிடக்கும். வேர்க்கடலை பிடுங்குகிற சமயத்தில் கடலைக்கொடி வண்டி வண்டியாகப் போகும். கட்டுக் கட்டாக வாங்கி மொட்டை மாடியில் உலர்த்தி உரச் சாக்கில் அடைத்து வைத்தால் பல மாதத்துக்குத் தீனி.

இதையெல்லாம் பார்த்து என் மாமியார் சும்மா இருப்பாரா? "மருமவ வந்தா வீடு நெறையும்னாங்க. நெறஞ்சிதான் போச்சு, காயலாங்கட மாதிரி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு அவர்களைக் கூண்டருகே கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டவும் செய்வார். அதில் எனக்குக் கோபமில்லை. அத்தைக்கு முயல்கள்மேல் உயிர். நான் வேலைக்குப் போனபிறகு டிவியில் சீரியல் ஓட, மடியில் வெள்ளையைப் போட்டுக்கொண்டு முருங்கைக்கீரை ஊட்டுவார். சண்டை வந்தது தண்ணீரில்தான்.

எந்தக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாலும் முயல் அதைப் பல்லால் கவ்விக் கவிழ்த்துவிடும். பிளாஸ்டிக் பாட்டிலைக் கடித்துத் துப்பிவிடும். கடைசியில் எனக்குத் தோன்றியது கண்ணாடி பாட்டில். நீரை நிரப்பிக் கூண்டுக் கம்பியில் தலைகீழாகக் கட்டி, அதன் வாய் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தின் அடியை முட்டியும் முட்டாமலும் நிற்கிற மாதிரி வைத்தால், முயல் குடிக்கக் குடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், கிண்ணம் வழியாது. அதற்குச் சரியான அளவு ஒரே பாட்டில்தான். தட்டையாக இருக்கும், கம்பியில் ஒட்டி நிற்கும், வாய் சின்னது. குவார்ட்டர் பாட்டில். பழைய பேப்பர் கடையில் போய் "ரெண்டு குவார்ட்டர் பாட்டில் குடுங்க, காலியா" என்று கேட்ட முதல் குடும்பப் பெண் நானாகத்தான் இருப்பேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெந்நீரில் மூன்று நான்கு தடவை கழுவி, லேபிளைச் சுரண்டி, கம்பி வைத்துக் கட்டினேன். அருமையாக வேலை செய்தது.

அன்று சாயங்காலம் நான் வேலை முடிந்து வருவதற்குள் பாட்டில் காலியாகி அலமாரி மேல் ஏறியிருந்தது.

"அத்த, தண்ணி ஏன் ஊத்திட்டீங்க?"

"சாராய பாட்டில வீட்ல தொங்க வுட்டா லட்சுமி வருவாளா? அதுவும் இல்லாம முயலு தண்ணி குடிக்காதும்மா. இல தழையில இருக்கிற ஈரமே அதுக்குப் போதும். குடிச்சா செத்துடும்."

"இப்பக் காலையில என் கண்ணு முன்னாடி குடிச்சுதே அத்த. சாகலியே."

"ஒடனே சாவாது" என்றார்.

இந்த 'உடனே சாகாது' என்ற பதிலுக்கு எதிராக என்னால் என்ன வாதம் பண்ண முடியும்? நான் திரும்பக் கட்டினேன். அவர் திரும்பக் கழற்றினார். கடைசியில் நான் வீட்டிலிருக்கும் நேரமெல்லாம் பாட்டில் தொங்கும் என்ற அளவுக்கு ஒரு சமாதானம் உண்டாயிற்று. காலையில் ஒரு தடவையும் வந்தவுடன் ஒரு தடவையும் நானே பக்கத்தில் நின்று இரண்டையும் வயிறு நிறையக் குடிக்கவைப்பேன். என் கணவர் இதில் தலையிடமாட்டார். அவர் நல்லவர். அம்மா சொன்னாலும் சரி என்பார், நான் சொன்னாலும் சரி என்பார். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

இந்தச் சண்டைக்கு நடுவில் அத்தையின் தம்பி வேறு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து அடிக்கடி வருவார். அவருக்கு நடுமண்டையில் முடி போய்விட்டது. முயல் ரத்தத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தேய்த்தால் வழுக்கையில் முடி முளைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூண்டுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு வெள்ளையையே பார்ப்பார். "மாப்ள, இத எப்ப குடுக்கப் போற?" என்று என் கணவரைக் கேட்பார். விளையாட்டுக்குக் கேட்பது போலத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் கேட்பார். "மாமா, முடி வேணும்னா விக் வாங்கிக்குங்க. என் முயல் பக்கம் வராதீங்க" என்று ஒரு நாள் நேராகவே சொன்னேன். அத்தைக்கு என்னிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மனமில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நான் உண்டானேன். வளைகாப்பு முடிந்ததும், தலைப்பிரசவத்துக்குச் சிதம்பரத்தில் அம்மா வீட்டுக்கு அழைத்துப்போகத் தேதி குறித்தார்கள். பிறந்த வீட்டுக்குப் போகிற சந்தோஷம் எனக்கு இல்லை. யார் வெள்ளைக்குத் தண்ணீர் வைப்பார்கள் என்பதுதான் மனதில் ஓடியது. பங்குனி முடியப்போகிறது, அடுத்து கத்திரி வெயில். என் கணவரைக் கூண்டுக்கு முன்னால் நிற்கவைத்து, பாட்டிலை எப்படி நிரப்புவது, எப்படிக் கவிழ்த்துக் கட்டுவது என்று கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தேன். தடுப்பை எடுக்கவே கூடாது என்றேன். குட்டி போடுகிற முயலுக்குத் தண்ணீர் இல்லாமல் போனால் தாகத்தில் அது குட்டியையே தின்றுவிடும் என்று பண்ருட்டி சிநேகிதர் பட்டறிந்து சொன்னதையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "சரி சரி" என்றார்.

சிதம்பரத்திலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் முயலைப் பற்றிக் கேட்பேன். "அதுக்கென்ன, ராணி மாதிரி இருக்குது. நீ ஒன் ஒடம்பப் பாரு" என்பார் அத்தை. தண்ணீர் வைக்கிறீர்களா என்று கேட்டால் பேச்சு என் கால் வீக்கத்துக்குத் தாவிவிடும்.

பையன் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸம்மா, "பால் குடுக்கிறவங்க நெறைய தண்ணி குடிக்கணும்" என்று அம்மாவைப் பார்த்தே சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள். வீட்டுக்குள் காலை வைத்தவுடன், "அவுங்களுக்கு என்ன தெரியும்? ஊசி போடத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்ச் சொம்பை என் கட்டிலுக்கு எட்டாத இடத்தில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் தூக்கி வைத்தாள்.

வேறு எதிலும் குறை இல்லை. பால் ஊறுவதற்குப் பால்சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம் எல்லாம் நேரா நேரத்துக்கு வந்தன. தண்ணீர் மட்டும் சாப்பாட்டோடு அரை டம்ளர், அதுவும் வெந்நீர். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு தள்ளிவிடும், குழந்தைக்குச் சளி பிடித்துவிடும். இதுதான் அம்மாவின் சட்டம். அம்மாவுடைய சட்டம் மட்டுமா, எங்கள் தெருவில் பிள்ளை பெற்ற அத்தனை பேரும் அப்படித்தான் கிடந்திருக்கிறார்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது, மத்தியானம் பார்த்துக் கரண்ட் போகிறது, ஜன்னலையும் சாத்தி வைத்திருக்கிறார்கள், காதில் பஞ்சு, தலையில் துணி. பையன் வாய் வைத்து உறிஞ்ச உறிஞ்ச என் தொண்டை உள்ளே சுருங்கிக்கொண்டே போவது தெரியும். பூண்டுக் குழம்பு சாப்பிட்டவளுக்கு அரை டம்ளர் வெந்நீர் எந்த மூலைக்கு?

"அம்மா, ஒரு வாய் தண்ணி."

"இப்பதானே சோத்தோட குடிச்ச. பச்ச ஒடம்புடி. நாப்பது நாளு பல்லக் கடிச்சிக்க. நாங்கல்லாம் இருக்கலியா?"

அழுதால் கண்ணீராவது வருமே என்று யோசித்த நாளும் உண்டு. அப்படி யோசித்ததற்காக என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. சம்பாதிக்கிறவள், தெருவோடு சண்டை போடுகிறவள், ஒரு டம்ளர் தண்ணீருக்குப் பிச்சை கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் குழந்தையைப் பார்க்க வந்தார். பழம், பிஸ்கட், அத்தை கொடுத்துவிட்ட வசம்பு எல்லாம் பையிலிருந்து எடுத்து வைத்தார். பையனைக் கொஞ்சினார். எல்லாம் முடிந்தபிறகு வெள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் ஓடாத ஃபேனை நிமிர்ந்து பார்த்தார்.

"குட்டி போட்டுது" என்றார்.

"எப்படிப் போடும்? தடுப்பு இருக்குதில்ல?"

"அம்மா எடுத்துட்டாங்க. புருஷன் பொஞ்சாதிய எதுக்குப் பிரிச்சி வைக்கணும், பாவம்னு…"

என்னை என் புருஷனிடமிருந்து பிரித்துச் சிதம்பரத்துக்கு அனுப்பியபோது வராத பாவம் அத்தைக்கு முயலிடம் வந்திருக்கிறது. சரி, அதை விடுங்கள்.

"குட்டிங்க எங்க?"

"தின்னுடுச்சு. அதுவே. ஒண்ணு வுடல."

சொல்லிவிட்டு அவசரமாக மிச்சத்தையும் சொன்னார். பெற்றதைத் தின்ற ஜந்து, ராட்சசி, பச்சைக் குழந்தை வரப்போகிற வீட்டில் அது ஆகாது என்று அத்தை சொல்லிவிட்டாராம். தெருவில் எல்லாரும் அதையேதான் சொன்னார்களாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீமுஷ்ணம் மாமா வந்து எடுத்துக்கொண்டு போகப்போகிறாராம். சாம்பலைப் பற்றி யாருக்கும் ஒரு புகாரும் கிடையாது. அது கூண்டிலேயே இருக்கலாமாம்.

"தண்ணி வச்சீங்களா?" என்றேன்.

அவர் காலிப் பையை மடிக்க ஆரம்பித்தார்.

"தண்ணி வச்சீங்களான்னு கேக்கறன்."

"நான் வச்சன். நெசமா வச்சன். பாட்டில அம்மா கழட்டிட்டாங்க. கிண்ணத்துல வச்சன். துணி எடுக்க வந்த இஸ்திரிக்காரரு பாத்துட்டு, செத்துடும் சார்னு அவரே ஊத்திட்டாரு. அப்புறம் டீச்சரும் வந்து சொன்னாங்க. இத்தினி பேரு சொல்றாங்களேன்னு…"

ஒருவரும் கெட்டவரில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அத்தை கெட்டவரில்லை, இஸ்திரிக்காரர் கெட்டவரில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் வாயாரத் திட்டித் தீர்த்திருப்பேன். அத்தனை பேரும் அந்த முயலின்மேல் பிரியம் வைத்து, அது சாகக்கூடாதே என்று பார்த்துப் பார்த்து, ஆளுக்கொரு தடவையாக அதன் தண்ணீரைக் கவிழ்த்திருக்கிறார்கள். வயிற்றில் குட்டிகளோடு அது கத்திரி வெயிலில் கூரை ஓட்டின் ஈரத்தை நக்கிக்கொண்டு கிடந்திருக்கும். அந்த ஓடாவது நனைந்ததோ என்னவோ. பெற்ற பிறகு, பால் வேறு சுரக்க வேண்டும். எதிலிருந்து சுரக்கும்? நாக்கு வறண்டுபோன ஒரு தாய் கண்ணெதிரில் ஈரமாகக் கிடந்ததைத் தின்றுவிட்டது. தின்னவைத்தவர்கள் கூடி நின்று அதற்கு ராட்சசி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கத்தினேன். பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். "அது ராட்சசி இல்ல. தாகம் தாங்காம தின்னுடுச்சு. இந்த வெயில்ல தண்ணியில்லாம உங்க வீட்ல ஒருத்தரப் பெத்துக்கச் சொல்லுங்க, பாக்கறன்" என்று சொல்லும்போதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த வார்த்தை வரவில்லை.

கதவருகில் அம்மா வந்து நின்றாள். "கத்தாதடி. பச்ச ஒடம்பு."

"தண்ணி குடு."

"சாப்பாட்டோட தரேன்."

பையனைக் கணவர் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கினேன். தையல் சுருக்கென்று இழுத்தது. சாமி அலமாரி வரை நடந்துபோய்ச் சொம்பை எடுத்து, நின்ற வாக்கிலேயே அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தேன். ரவிக்கை நனைந்தது. அம்மா "ஐயோ ஐயோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். என் கணவர் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலையில் ஒதுங்கினார். நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன்: "வெள்ள இங்க வரணும். அந்த மாமா கை அதும்மேல பட்டுது, நானும் புள்ளயும் செம்மண்டலம் பக்கம் தல வச்சிப் படுக்கமாட்டோம்."

"புள்ள பெத்த வீட்ல, பெத்ததத் தின்ன முயலா?" என்றாள் அம்மா.

"ஆமா" என்றேன்.

என் கணவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டு போனார். வாரத்தின் நடுவில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, காய்கறிக் கூடை இரண்டை வாயோடு வாய் வைத்துப் பாவாடை நாடாவால் இறுக்கிக் கட்டி, அதற்குள் வெள்ளையை வைத்து எடுத்துவந்தார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் கடந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது, திறக்காமல்.

"வழியில குடுத்தீங்களா?"

"குடுக்கத்தான் போனன். பஸ்ல பக்கத்துல இருந்தவரு…"

"செத்துடும்னாரா?"

"ஆமா" என்றார். அவரைத் திட்ட எனக்குச் சக்தி மிச்சமில்லை.

நாடாவை அவிழ்த்தேன். வெள்ளை பாதியாகியிருந்தது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு, மூக்கோரம் காய்ந்து வெடித்து, தூக்கினால் கையில் கனமே இல்லை. எங்கே வைப்பது? பையனைக் குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்ட அம்மா புதிதாக ஒரு மூங்கில் கூடை வாங்கியிருந்தாள். அதைக் கவிழ்த்து, அடியில் பழைய புடவையை மடித்துப்போட்டு, உள்ளே விட்டேன். "கொழந்தைக்கு வாங்கினதுடி அது" என்றாள் அம்மா. நான் காதிலேயே வாங்கவில்லை. சமையலறையிலிருந்து வத்தக்குழம்பு வைக்கும் கல்சட்டியை எடுத்துவந்து வைத்தேன். எவ்வளவு முட்டினாலும் அது கவிழாது. அதில் விளிம்புவரை பச்சைத் தண்ணீர் ஊற்றினேன்.

வெள்ளை முதலில் நகரவில்லை. விரலை நனைத்து அதன் வாயில் தடவினேன். மூக்கு ஆடிற்று. ஊர்ந்துபோய்ச் சட்டிக்குள் முகத்தை நீட்டியது. பிறகு குடிக்க ஆரம்பித்தது. நிறுத்தவேயில்லை. குடிக்கிற சத்தம் கூடத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. நடுவில் ஒரு தடவை தலையைத் தூக்கி மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பக் குனிந்தது. சட்டியில் தண்ணீர் மட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. நான் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அதையும் குடித்தது.

என் கணவர் வெளியே போய்விட்டார். அம்மா மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ பொறந்தப்ப" என்றாள். "எனக்குக் குளிக்க அண்டாவுல தண்ணி வெளாவி வச்சிட்டுப் போனாங்க. வேப்பெல போட்டது. கசக்கும். கதவத் தாழ்ப்பா போட்டுட்டு, ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளிக் குடிச்சன். வயிறு முட்ட. உங்கப்பாகிட்டகூடச் சொன்னதில்ல."

எனக்குச் சுறுசுறுவென்று ஏறியது. "குடிச்சியா? தாகம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? தெரிஞ்சும் என் சொம்பத் தூக்கி அந்த ஒசரத்துல வச்சியேம்மா. எப்படிம்மா மனசு வந்துது உனக்கு?"

அம்மா முயலையே பார்த்தாள். "மறுநாளே உனக்குச் சளி புடிச்சிக்கிச்சு. நெஞ்செல்லாம் கர்கர்னு. மூச்சு வாங்கின. ஆசுபத்திரியில வச்சிப் பொழைக்க வச்சாங்க. நான் குடிச்ச தண்ணிதான் உனக்கு எறங்கிடுச்சின்னு எனக்கு மட்டும் தெரியும். எம்புள்ளய நானே கொல்லப் பாத்தன்டி."

என் கை தானாக அம்மாவின் முட்டிமேல் போயிற்று. அது பிறந்த குழந்தைக்கு வருகிற சளி, தண்ணீருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அவள் கேட்டிருந்தால்தானே சொல்வார்கள். குடித்ததையே வெளியே சொல்ல முடியாதவள் யாரிடம் போய்க் கேட்பாள்?